அப்பத்தா உடைத்த ஜல்லியும் நாளைய சாலையும்



போன வாரம் கோயம்புத்தூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேரன் கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பினான். சாலை தானே மின்சாரம் தயாரிக்கிறது, கோடுகள் இரவில் ஒளிர்கின்றன, விரிசல் விட்டால் தானே ஒட்டிக்கொள்கிறது. "தாத்தா, நீங்க பெரியவனா ஆகுறப்போ ரோடு எப்படி இருந்துச்சு? நான் பெரியவனா ஆகுறப்போ இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டான். முப்பத்து நான்கு வருடம் வரலாறு சொல்லிக் கொடுத்தவனிடம் வருங்காலத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஒரே வழி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவதுதான். அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. நீங்களும் படியுங்கள்.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். உறவினர்களில் வயதானவர்களுக்கு என் அப்பத்தாவை நினைவிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், அவர் ஜல்லி உடைத்தவர். 1960களில் எங்கள் ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகும் வழியில் கப்பி ரோடு போட்டார்கள். குவாரியிலிருந்து வண்டியில் வரும் சக்கைக் கற்களை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். புளியமரத்து நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சைக்கிள் டயர் வளையத்துக்குள் கல்லைப் பிடித்து வைத்துச் சுத்தியலால் உடைப்பார்கள். குவியலைக் கன அடிக் கணக்கில் அளந்து கூலி கொடுப்பார்கள். அப்பத்தாவின் இடது பெருவிரல் நகம் கடைசிவரை நேராக வளரவே இல்லை. அதைவிட, அவருடைய இருமல்தான் எனக்கு நினைவில் நிற்கிறது. ராத்திரி திண்ணையில் படுத்திருப்பார். இருமல் சத்தம் உள்ளே எங்களுக்குக் கேட்கும். "கல்லுத் தூசிடா, தண்ணி குடிச்சா சரியாப் போகும்" என்பார். சரியாகப் போகவில்லை.

அந்தக் கப்பி ரோட்டுக்கு ஒரு தாத்தா உண்டு. பொதுப்பணித்துறைக்காரர்கள் இன்றும் 'மெக்காடம்' என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் ஒரு மனிதருடையது. ஜான் லௌடன் மெக்காடம், 1756இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1816இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்கு மேற்பார்வையாளர் ஆனார். அந்தக் காலத்தில் பெரிய பெரிய கற்களை அடியில் அடுக்கினால்தான் சாலை நிற்கும் என்று நம்பினார்கள். இவர் வேறு மாதிரி யோசித்தார். வண்டியின் எடையைக் கடைசியில் தாங்குவது கீழே இருக்கும் மண்தான். அந்த மண் ஈரமாகாமல் காய்ந்திருந்தால் போதும் என்றார். சாலையைச் சுற்றியுள்ள தரையைவிட உயர்த்து, நடுவில் கொஞ்சம் மேடாக்கு, பக்கத்தில் வாய்க்கால் வெட்டு, சிறு சிறு உடைகல்லை மட்டும் பரப்பு. வண்டிச் சக்கரமே அதை அழுத்தி ஒன்றோடொன்று பூட்டிவிடும். இதுதான் அவருடைய முறை.

கல் ஆறு அவுன்சுக்கு மேல், அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. வாய்க்குள் அடங்கினால் சரியான அளவு என்று வேலையாட்கள் பார்ப்பார்களாம். ஓரிடத்தில் கற்கள் பெரிதாக இருந்தனவாம். விசாரித்தால், உடைத்தவருக்குப் பல்லே இல்லையாம்! இது கதையாகத்தான் இருக்கும். ஆனால் கல் உடைக்க வயதானவர்களும் பெண்களும் சிறுவர்களும் போதும், உட்கார்ந்தே உடைக்கலாம் என்று மெக்காடம் சொன்னது கதை இல்லை. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தா ஞாபகம்தான் வந்தது. இங்கிலாந்தில் உட்கார வைத்த அதே ஆட்களை நூற்றைம்பது வருடம் கழித்து எங்கள் ஊர் புளியமரத்தடியிலும் உட்கார வைத்தது அந்த முறை.

அடுத்தது தார். இங்கேதான் வரலாறு சுவையாகிறது.

மெக்காடம் சாலை, குதிரைக் குளம்புக்கும் இரும்புப் பட்டை போட்ட சக்கரத்துக்கும் ஏற்றது. 1900 வாக்கில் மோட்டார் கார் வந்தது. வேகமாகப் போகும் ரப்பர் டயர், கற்களுக்கு நடுவே இருந்த பொடியை உறிஞ்சி மேலே வீசியது. ஊரெல்லாம் புழுதி. மொனாக்கோவில் இருந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் குக்லியெல்மினெட்டி என்பவர், புழுதி மக்களின் உடம்பைக் கெடுக்கிறது என்று சொல்லி 1902இல் அங்கே ஒரு தெருவில் சூடான தாரை ஊற்றிப் பார்த்தார். புழுதி அடங்கியது. அவருக்கு 'டாக்டர் தார்' என்றே பெயர் வந்துவிட்டது. கவனியுங்கள், தார்ச் சாலைக்குப் பின்னால் ஒரு டாக்டரும் இருக்கிறார்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியில் எட்கர் பர்னல் ஹூலி என்ற சாலைப் பொறியாளர் 1901இல் டென்பி என்ற ஊர் இரும்பு உலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வண்டியிலிருந்து தார்ப் பீப்பாய் ஒன்று விழுந்து உடைந்திருந்தது. வழுக்காமல் இருக்க யாரோ உலைக் கசடை அதன்மேல் கொட்டியிருந்தார்கள். சாலையில் அந்த ஒரு துண்டு மட்டும் கெட்டியாக, புழுதி இல்லாமல் இருந்தது. மறு வருடமே அதை ஒரு முறையாக்கிக் காப்புரிமை வாங்கினார். 'டார்மாக்' என்ற சொல் அங்கிருந்து வந்தது.

இந்தத் தார் எங்கிருந்து வந்தது? அப்போது நகரத் தெருவிளக்குகள் வாயுவில் எரிந்தன. நிலக்கரியைச் சூடாக்கி வாயு எடுப்பார்கள். மிஞ்சுகிற கருப்புக் குழம்புதான் தார். கசடு, இரும்பு உருக்கும்போது மிஞ்சுவது. ஆக, ஒரு தொழிற்சாலையின் கழிவும் இன்னொரு தொழிற்சாலையின் கழிவும் தற்செயலாகத் தெருவில் சந்தித்துக்கொண்டதில் பிறந்ததுதான் நவீன சாலை. 'கழிவிலிருந்து சாலை' என்று இன்று புதிதாகப் பேசுகிறார்களே, அதற்கு 120 வயது தாண்டிவிட்டது.

ஆனால் அந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. நிலக்கரித் தாரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் இருப்பது பிற்பாடு தெரிந்தது. அதன் புகையை முகர்ந்தவர்கள் சாலைப் பணியாளர்கள். பிறகு உலகம் மெல்ல மெல்லக் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் மிஞ்சும் பிட்டுமினுக்கு மாறியது. நாம் இன்றும் 'தார்' என்றுதான் சொல்கிறோம். பொருள் மாறிவிட்டது, சொல் மாறவில்லை. ஐரோப்பாவில் பழைய நிலக்கரித் தார்ச் சாலையைப் பெயர்த்தால், அதை நச்சுக் கழிவாகத் தனியே கையாள வேண்டியிருக்கிறது. தாத்தா போட்ட சாலையின் விஷத்தைப் பேரன் செலவு செய்து அகற்றுகிறான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். 1990களில் என்னிடம் படித்தவர்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் நினைவிருக்கும். மைதானத்தைச் சுத்தம் செய்யச் சொல்வேன். பாலிதீன் பை, மிட்டாய்த் தாள், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாவற்றையும் பின்பக்கச் சுவரோரம் குவித்துத் தீ வைக்கச் சொன்னதும் நான்தான். சுத்தமான பள்ளி என்று பாராட்டும் வாங்கினேன். தீயைக் கிளறிவிட எப்போதும் ஒரே பையன்தான் முன்னால் வருவான், ஆர்வக்கோளாறு. ஒரு நாள் அவன் இருமிக்கொண்டே நின்றான். அந்த இருமல் எனக்கு எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. அன்றும் நான் அந்தத் தீயை அணைக்கச் சொல்லவில்லை. அந்தத் தம்பி இதைப் படிக்கிறான் என்று எனக்குத் தெரியும். தம்பி, மன்னித்துக்கொள்.

அதே பைகளை என்ன செய்யலாம் என்று நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் யோசித்துக்கொண்டிருந்தார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன். பிளாஸ்டிக்கும் பிட்டுமினும் இரண்டுமே பெட்ரோலியத்தின் பிள்ளைகள். ஏன் சேராது என்று அவர் கேட்டார். மற்றவர்கள் பிட்டுமினோடு பிளாஸ்டிக்கைக் கலக்கப் பார்த்தார்கள். இவர் செய்தது அதைவிட எளிது. ஜல்லியைச் சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்குவது எப்படியும் நடக்கிற வேலை. அந்தச் சூட்டு ஜல்லியின்மேல் துண்டு துண்டாக வெட்டிய பிளாஸ்டிக்கைத் தூவினார். அது உருகி ஒவ்வொரு கல்லுக்கும் சட்டை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது. அதன்மேல் பிட்டுமின்.

இதில் என்ன லாபம்? நம் தார் ரோட்டின் முதல் எதிரி தண்ணீர். கல்லின் நுண்துளைகளுக்குள் தண்ணீர் புகுந்தால் பிட்டுமின் பிடியை விட்டுவிடும். ஒரு கல் பெயர்ந்தால் அது பள்ளம், இரண்டு மழையில் குழி. பிளாஸ்டிக் சட்டை அந்தத் துளைகளை அடைக்கிறது; பிட்டுமினையும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. எரித்தால் வரும் புகை இதில் வருமா என்று கேட்பீர்கள். பாலிதீன் இந்தச் சூட்டில் இளகும், ஆனால் சிதையாது. சிதைய இன்னும் நூறு டிகிரிக்கு மேல் வேண்டும். உருக்குவதற்கும் எரிப்பதற்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் எனக்கு வெள்ளிக்கிழமைகளில் தெரியாமல் போனது. பி.வி.சி.யை மட்டும் சேர்க்கவே கூடாது. சூட்டில் அமில வாயுவைக் கக்கும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 3.75 மீட்டர் அகலமுள்ள ஒரு வழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டன் பிட்டுமின் வேண்டும். இந்த முறையில் அதில் 1 டன்னுக்குப் பதில் பிளாஸ்டிக். ஒரு மெல்லிய பை 2 கிராம் என்று வைத்தால் 5 லட்சம் பைகள் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

2002இல் கல்லூரி வளாகத்திலும் வெளியிலும் முதல் சாலைகள் போடப்பட்டன. சென்னை ஜம்புலிங்கம் தெருவும் அதே வருடம். 2006இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தத் தொழில்நுட்பத்தை அரசுக்கு விலை இல்லாமல் கொடுத்தார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஜம்புலிங்கம் தெரு, மதுரை வண்டியூர் சாலை போன்றவற்றை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட அறிக்கையில், சில வருடம் ஆன பிறகும் அவை குழி விழாமல் இருப்பதாகச் சொன்னது. 2013இல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இதற்கென்று வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. 2015இல் பெருநகரங்களைச் சுற்றியுள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தும்படி மத்திய அரசு சொன்னது. 2018இல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் தெப்பக்குளத்துப் பக்கம் போனவன் வண்டியூர் சாலையில் இறங்கி நடந்து பார்த்தேன். பார்க்க ஒன்றுமே இல்லை. எல்லாச் சாலையையும் போல ஒரு சாலை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. புது எந்திரம் வேண்டாம், புது மேஸ்திரி வேண்டாம், இருக்கிற கலவை ஆலையிலேயே வேலை முடிகிறது. அதனால்தான் இந்த யோசனை ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து பிழைத்தது.

பேரன் அனுப்பிய வீடியோவுக்கு வருகிறேன். மின்சாரம் தயாரிக்கும் சாலையைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பிரான்சில் நார்மண்டிப் பகுதியில் டூருவ்ர் என்ற ஊரில் 2016 டிசம்பரில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சூரியத் தகடு பதித்தார்கள். செலவு 50 லட்சம் யூரோ. இலைகள் விழுந்து மூடின, டிராக்டர்கள் ஏறித் தகடுகள் உடைந்தன, சத்தம் தாங்காமல் வண்டிகளின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. சொன்ன அளவுக்கு மின்சாரமும் வரவில்லை. 2019க்குள் அது தோல்வி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கூரையில் வைக்க வேண்டியதைக் காலடியில் வைத்ததன் பலன்.

தானே ஒட்டிக்கொள்ளும் சாலை அப்படிக் கேலிக்குரியதில்லை. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் ஷ்லாங்கன் குழு, தார்க் கலவையில் மெல்லிய இரும்பு இழைகளைச் சேர்த்தது. சாலையின்மேல் ஒரு காந்தச் சுருள் எந்திரத்தை ஓட்டினால் இழை சூடாகும், பிட்டுமின் இளகி நுண்விரிசலை மூடும். நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பின் தத்துவம்தான். 2010இல் ஏ58 நெடுஞ்சாலையில் ஒரு பகுதியை இப்படிப் போட்டார்கள்.

அறிவுள்ள சாலை என்றால் என்னைக் கேட்டால் எடை பார்க்கும் சாலையைத்தான் சொல்வேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாயில் வட்டச் சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களைக் கொண்டு இரவும் பகலும் லாரி ஓட்டிச் சோதித்தார்கள். அதில் தெரிந்த உண்மை இது: அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கில்லை, சுமார் பதினாறு மடங்கு. எம்சாண்ட் லாரி அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு நம் ஊருக்குள் போகும்போது, ஸ்கூட்டியில் போகிறவர் கட்டிய வரிப் பணம் அந்த அச்சுக்கடியில் நசுங்குகிறது. ஓடும் வண்டியின் எடையைச் சாலைக்குள் பதித்த உணரியே சொல்லிவிடும் கருவி இப்போது இருக்கிறது. ஒளிரும் கோட்டைவிட அது பத்து மடங்கு உபயோகம். ஆனால் உணரி எடையைச் சொல்லும், அபராதம் போட ஒரு மனிதருக்கு மனசு வேண்டும்.

பழைய யோசனைகளும் திரும்பி வருகின்றன. ஹூலி பார்த்த கசடு, குஜராத்தின் சூரத் அருகே ஹசீராவில் 2022இல் ஆறு வழிச் சாலையாகத் திரும்பியிருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் டன் எஃகுக் கசடு, ஜல்லிக்குப் பதிலாக. ஒரு மலையின் ஓரத்தை வெட்டாமல் விட்டார்கள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். நம் ஊரிலும் 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். மேலே மேலே போட்டுப் போட்டு வீடுகள் பள்ளத்துக்குள் போனதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். மழைத் தண்ணீர் வாசலுக்குள் வந்தது. சுரண்டிய பழைய தார்க் கலவையும் கழிவில்லை. சூடாக்கிப் புதியதோடு சேர்த்து மறுபடியும் போடலாம். மெக்காடம் சொன்னது அதேதான்: தண்ணீருக்கு வழி விடு. அதைச் செய்யாத சாலையில் தங்கத்தைக் கலந்தாலும் நிற்காது.

இப்போது, மனதில் வைக்கச் சொன்ன விஷயம். பிளாஸ்டிக் சாலை ஐம்பது வருடம் கழித்து என்ன ஆகும்? டயர் உரச உரச அதன் மேற்பரப்பு தேயும். நுண் பிளாஸ்டிக் வாய்க்காலுக்கும் கண்மாய்க்கும் போகுமா என்று இன்று உலகத்தில் ஆய்வு செய்துகொண்டிருக்கிறார்கள். கல்லோடு ஒட்டியிருப்பதால் எளிதில் உதிராது என்பது ஒரு தரப்பு. நான் இதை எதிர்த்துச் சொல்லவில்லை. தெருவில் எரிவதைவிட, மாட்டின் வயிற்றுக்குள் போவதைவிட, சாலைக்குள் போவது நல்லதுதான். ஆனால் 'டாக்டர் தார்' நல்ல எண்ணத்தோடுதான் தாரை ஊற்றினார். அன்று யாரும் கேட்காத கேள்வியை இன்று நாம் கேட்டே ஆக வேண்டும். சாலைக்குத் தேவை என்று சொல்லிப் பிளாஸ்டிக் பைக்குப் புதிதாக நியாயம் தேடவும் கூடாது. 2019 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பைகளுக்குத் தடை இருக்கிறது, மஞ்சப்பையை மறக்காதீர்கள்.

பேரனுக்கு நான் எழுதிய பதில் இதுதான். "தம்பி, நீ பெரியவனாகும்போது ரோட்டில் என்ன ஒளிரும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு புது ரோட்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேள்: இதைப் போடும்போது யார் மூச்சு விடுகிறார்கள், அவர்கள் மூச்சுக்குள் என்ன போகிறது? உன் கொள்ளுப்பாட்டிக்குக் கல் தூசி போனது. வெள்ளைக்காரத் தொழிலாளிக்குத் தார்ப் புகை. என் மாணவனுக்குப் பிளாஸ்டிக் புகை. அந்தக் கேள்விக்குப் பயமில்லாமல் பதில் சொல்லக்கூடிய ரோடுதான் எதிர்கால ரோடு."

என் மாணவர்களில் நெடுஞ்சாலைத் துறையில் இருக்கிறீர்கள், ஒப்பந்தக்காரர்களாக இருக்கிறீர்கள், ஊராட்சியில் இருக்கிறீர்கள். ஒரு விண்ணப்பம். உங்கள் சாலைக்காகப் பிளாஸ்டிக்கைப் பிரித்து வெட்டிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குக் கையுறை இருக்கிறதா, முகக்கவசம் இருக்கிறதா, பி.வி.சி.யைத் தனியே எடுக்க யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். தார் ஊற்றுகிறவர் காலில் இன்னும் சாக்குத்தான் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எங்கள் ஊர்க் கப்பி ரோட்டின்மேல் இப்போது மூன்று நான்கு அடுக்கு தார் ஏறிவிட்டது. புளியமரமும் இல்லை. ஆனால் அடியில் இருக்கும் ஜல்லி அப்பத்தா உடைத்ததுதான். ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த இடம் வந்ததும் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்வேன். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். இனி அவர்களுக்குத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்